10 வருடக் கணக்கு ஒரே நொடியில் மாயம்! கம்ப்யூட்டருக்குள் கைவரிசை காட்டும் 5 'ஆசாமிகள்'

சென்னை, மார்ச் 31-

இன்று கணக்கு வருடத்தின் கடைசி நாள். மண்ணடி இரும்புக்கடை முதல் ரங்கநாதன் தெரு பாத்திரக்கடை வரை எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் குமாஸ்தாக்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், சரக்கு எவ்வளவு மிச்சம்... எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்!

அந்தப் பெட்டி இன்று ராத்திரி கண்ணை மூடிவிட்டால்?

"ஐயோ, வாயால அப்படிச் சொல்லாதீங்க சார்" என்பீர்கள். ஆனால் மவுண்ட்ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். செத்துப்போன ஹார்டு டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் போல முகம் வாடி நிற்கிறவர்களைப் பார்க்கலாம். பெட்டி போனால் போகட்டும், உள்ளே இருப்பதை மட்டும் எப்படியாவது எடுத்துக் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கெஞ்சல்.

புது ஹார்டு டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதற்குள் இருந்த உங்கள் கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது!

இதே மார்ச் 31-க்கு இன்னொரு பெயரும் உண்டு. 2011-ம் ஆண்டு முதல் இது 'உலக பேக்கப் தினம்'. கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் இன்னொரு நகல் எடுத்து வையுங்கள் என்று ஞாபகப்படுத்தும் நாள். விடிந்தால் ஏப்ரல் 1. நகல் எடுக்காமல் இருந்து யாரும் முட்டாள் ஆகிவிடக் கூடாது என்பது இதில் உள்ள கிண்டல்.

பேரேட்டுக் காலத்தில்...

அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் அல்ல. அன்றாட வரவு-செலவை முதலில் நாள்வழிக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு ஆள் வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டைக் கரையான் தின்றாலும், குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கைத் திரும்பக் கட்டிவிடலாம். மேலும், கரையான் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் தின்றுவிடாது.

கம்ப்யூட்டரில் கதை வேறு. குறிப்பேடும் பேரேடும் ஒரே டிஸ்க்கில். போனால் எல்லாம் ஒன்றாகப் போகும். அதுவும் ஒரே நொடியில்!

யார் இந்த நாச வேலையைச் செய்வது? விசாரித்ததில் 5 'ஆசாமிகள்' சிக்கினார்கள். இதோ அவர்களின் ஜாதகம்.

முதல் ஆசாமி: ஹார்டு டிஸ்க்

வேலியே பயிரை மேய்கிற கதை இது. ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அந்தத் தட்டின் மேல் எழுதிப் படிக்கும் 'ஹெட்' தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தாலோ, பலமாக இடிபட்டாலோ ஹெட் தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த எழுத்து அதோடு சரி.

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற கம்பெனி, லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை இரவு பகலாக ஓட்டி, எத்தனை பழுதாகின்றன என்று வருடா வருடம் கணக்கு வெளியிடுகிறது. 2024-ம் ஆண்டுக்கான அதன் கணக்குப்படி பழுது விகிதம் 1.57 சதவீதம். அதாவது ஆயிரம் டிஸ்க் ஓடினால் வருடத்துக்குப் 15, 16 டிஸ்க்குகள் காலி. அங்கே ஏர்கண்டிஷன் உண்டு, தூசி கிடையாது, கரண்ட் கட் கிடையாது. நம்ம கடையில் சாம்பிராணிப் புகையும் தெருப் புழுதியும் சேர்ந்து அடிக்கிறதே!

"என்னுடையது புது மாடல். எஸ்.எஸ்.டி. சார், சுழலுற தட்டே கிடையாது" என்று சிலர் காலரைத் தூக்கிவிடுவார்கள். உண்மைதான். வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் பழைய டிஸ்க் சாவதற்கு முன் சில நேரம் 'டிக்... டிக்...' என்று முனகி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி.யோ நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று காலை சத்தமே இல்லாமல் கண்ணை மூடலாம். அதில் அழித்த பைலை மீட்பதும் பெரும்பாடு.

இரண்டாவது ஆசாமி: தண்ணீர்

சென்னைவாசிகளுக்கு இந்த ஆசாமியை அறிமுகம் செய்ய வேண்டியது இல்லை.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தத்தளித்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளிலும் தண்ணீர் நின்றது.

நம்ம ஊரில் கம்ப்யூட்டர் பெட்டியை எங்கே வைக்கிறோம்? மேஜைக்கு அடியில், தரையில். தண்ணீர் முதலில் நனைப்பதே அதைத்தான்.

2015 வெள்ளம் வடிந்த பிறகு அரசு சிறப்பு முகாம்கள் போட்டது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பட்டா என்று நனைந்து போனவற்றுக்கு நகல் கொடுத்தார்கள். ஏனென்றால், அவற்றின் மூலப் பதிவு அரசு அலுவலகத்தில் இருந்தது. உங்கள் கடைப் பாக்கிக் கணக்குக்கும், மகள் கல்யாணப் போட்டோவுக்கும் எந்த முகாமில் போய் நகல் கேட்பீர்கள்?

மூன்றாவது ஆசாமி: தீ

2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் உள்ள பழமையான கலச மகாலில் தீப்பிடித்தது. அங்கே இயங்கிய அரசு அலுவலகங்களின் ஆவணங்கள் கருகின. "அது பேப்பர். கம்ப்யூட்டரில் இருந்தால் தப்பித்திருக்கும்" என்று நினைப்பவர்கள், தென்கொரியாவில் நடந்த சம்பவத்தைக் கேளுங்கள்.

2025 செப்டம்பர் 26. டேஜியோன் நகரில் அந்த நாட்டு அரசின் கம்ப்யூட்டர் மையம். பேட்டரியில் தீப்பிடித்தது. 709 அரசு கம்ப்யூட்டர் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலக பைல்களைப் போட்டு வைத்திருந்த பொது இடம் ஒன்று அங்கே இருந்தது. 858 டெராபைட்! இன்று கடையில் வாங்கும் 1 டெராபைட் டிஸ்க்குகளை அடுக்கினால் 858 டிஸ்க்குகள் வேண்டும். அத்தனையும் சாம்பல்.

வெளியில் நகல் இல்லையா என்று கேட்டபோது வந்த பதில்தான் திடுக்கிட வைத்தது. அளவு ரொம்பப் பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லையாம்! கம்ப்யூட்டர் சாதனங்களை உலகத்துக்கே செய்து விற்கும் நாட்டிலேயே இந்தக் கதி.

நான்காவது ஆசாமி: பூட்டுப் போடும் திருடன்

சாதாரணத் திருடன் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். இவன் பாணி வேறு. உங்கள் வீட்டுப் பீரோவுக்கு அவன் பூட்டைப் போட்டுவிட்டு, "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்பான். இதற்கு 'ரேன்சம்வேர்' என்று பெயர். தமிழில் சொன்னால் பிணைப்பணக் கொள்ளை. 'பில் அனுப்பியிருக்கிறோம்', 'கூரியர் வந்திருக்கிறது' என்று வரும் இ-மெயிலைத் திறந்தாலும் நுழைவான். காசு கொடுக்காமல் போட்ட திருட்டு சாப்ட்வேர் வழியாகவும் நுழைவான்.

2017 மே 12-ந் தேதி 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் புகுந்தது. பூட்டைத் திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. வந்த ஆம்புலன்ஸ்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டார்கள். இந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் 2 மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2022 நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இதே கைவரிசை. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. டாக்டர்களும் ஊழியர்களும் நாள் கணக்கில் பேப்பரில் கையால் எழுதினார்கள்.

கடைசியில் எப்படி மீண்டது தெரியுமா? பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒன்று இருந்தது. அதில் இருந்து நோயாளிகளின் விவரங்களைத் திரும்ப எடுத்ததாகப் பாராளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஒரு நகல் காப்பாற்றியது!

ஐந்தாவது ஆசாமி: நம்ம கைதான்!

1998-ம் ஆண்டு. அமெரிக்காவில் பிக்சார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறுதலாக ஓர் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைகளின் தொப்பி போனது, காலணி போனது, பிறகு பொம்மைகளே போயின. படத்தில் பெரும்பகுதி காணவில்லை!

"கவலை வேண்டாம், பேக்கப் இருக்கிறது" என்று போய் எடுத்தார்கள். அங்கேதான் அடுத்த இடி. பேக்கப் சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை. யாரும் திறந்து பார்க்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு கைக்குழந்தை என்றே சொல்லலாம். தொழில்நுட்பப் பிரிவில் இருந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்குக் குழந்தை பிறந்திருந்ததால் வீட்டில் இருந்தே வேலை பார்த்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தையைப் போலக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1999-ல் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது.

ஸ்டூடியோவில் இருந்த நகல் கைவிட்டது. வேறு இடத்தில் இருந்த நகல்தான் உயிர் கொடுத்தது. இதை மனதில் போட்டு வையுங்கள்.

"நான் காப்பி வச்சிருக்கேனே!"

நூற்றில் பாதிப் பேர் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்துவார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

"சி டிரைவில் இருக்கிறது. டி டிரைவிலும் ஒரு காப்பி போட்டிருக்கேன்." அநேகமாக இரண்டும் ஒரே டிஸ்க்கில் தடுப்பு வைத்துப் பிரித்த இரண்டு அறைகள். வீடே இடிந்தால் எந்த அறை நிற்கும்?

"வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிச் சொருகி வச்சிருக்கேன்." எப்போதும் சொருகியே இருந்தால், பூட்டுப் போடும் திருடன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். கடைக்குள் நிஜத் திருடன் புகுந்தால் கம்ப்யூட்டரோடு அதையும் சேர்த்துத் தூக்குவான்.

"எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கு." நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டரும் கூகுள் டிரைவும் 'சிங்க்' முறையில் இணைந்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அதற்குள் கவனிக்காவிட்டால் கோவிந்தா! இலவசம் என்பதும் 15 ஜி.பி. வரைதான். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-ல் இருந்து அந்தக் கணக்கில்தான் சேருகிறது. இடம் நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். 2 வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியையும் கூகுள் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

"பென் டிரைவில் இருக்கு." எந்தப் பென் டிரைவ், எந்தச் சட்டைப் பையில் என்று தேடிக் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்.

3-2-1: ஞாபகம் வையுங்கள்

அப்படியானால் என்னதான் செய்வது? பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் பிரபலமாக்கிய ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 3 பிரதி, 2 விதமான சாதனம், 1 பிரதி வேறு இடத்தில். அவ்வளவுதான்!

கடைக்காரர்களுக்கு இதை நம்ம வழியில் சொல்வதானால்:

வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், இன்னொன்றில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சிவப்பு கடையில் இருக்கட்டும், பச்சை வீட்டில் இருக்கட்டும். தினமும் கடை அடைக்கும் முன் கடையில் இருக்கும் டிஸ்க்கைச் சொருகி, நகல் எடுத்து, கழற்றி லாக்கரில் வையுங்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். சிவப்பு வீட்டுக்கு, பச்சை கடைக்கு. கடையில் தீப்பிடித்தாலும், வெள்ளம் வந்தாலும் நஷ்டம் அதிகம் போனால் ஒரு வாரக் கணக்குதான். 10 வருடக் கணக்கு பிழைத்துக்கொள்ளும். வீடும் கடையும் ஒரே கட்டிடம் என்றால் ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

முக்கியமான பைல்களை மட்டும் இன்டர்நெட் வழியாக 'கிளவுடு'க்கும் ஏற்றினால் இன்னும் நல்லது.

டேலி வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் 'பேக்கப்' என்று வரும். சேமிக்கும் இடமாக வெளி டிஸ்க்கைக் காட்ட வேண்டும். அதே கம்ப்யூட்டரைக் காட்டினால் பழைய குருடி கதைதான். மற்ற பைல்களுக்கு விண்டோசில் 'பைல் ஹிஸ்டரி', ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் 'டைம் மெஷின்' என்று வசதி இருக்கிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டியது இல்லை. சினிமாப் படம் போனால் போகட்டும். கணக்கு, போட்டோ, மார்க் ஷீட், பத்திரம் இவற்றின் ஸ்கேன், போன் நம்பர்கள்... திரும்பக் கிடைக்காதது எதுவோ அதுதான் முதலில்.

டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போட மறக்காதீர்கள். வாடிக்கையாளர் விவரத்தோடு அது பஸ்சில் தொலைந்தால் வேறு வம்பு. போட்ட பாஸ்வேர்டை வீட்டில் நம்பகமான இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

திறந்து பார்த்தீர்களா?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். மாதம் ஒரு நாள், நகல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். போன வாரம் போட்ட ஒரு பில், போன வருடம் எடுத்த ஒரு போட்டோ இரண்டையும் திறந்து பாருங்கள். டேலி நகல் என்றால், அங்கே புதிதாக ஒரு போல்டர் போட்டு, அதற்குள் 'ரீஸ்டோர்' செய்து பாருங்கள். நடப்புக் கணக்கின் மேலேயே செய்துவிடாதீர்கள்!

திறந்தால்தான் அது நகல். திறக்காத நகலும் சாவி தொலைந்த இரும்புப் பெட்டியும் ஒன்றுதான்.

விபரீதம் நடந்துவிட்டால்...

'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே ஆப் செய்யுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப் பார்க்கத் தட்டு மேலும் கீறும்.

நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். வெயிலில் காய வைப்பது, அரிசி மூட்டைக்குள் வைப்பது, ஸ்குரூ கழற்றி உள்ளே பார்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே ஒரு தூசி விழுந்தாலே ஆபத்து. தூசி இல்லாத தனி அறையில் வைத்துத்தான் நிபுணர்கள் திறப்பார்கள். அதற்குச் செலவு அதிகம், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

தவறி அழித்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள். மீட்கும் சாப்ட்வேரை அதே டிஸ்க்கில் ஏற்றினால், அழிந்த பைல் இருந்த இடத்திலேயே அது போய் உட்கார்ந்துவிடும்.

பணம் கேட்டு மிரட்டல் வந்தால் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைபையை நிறுத்துங்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். பணம் கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்தத் திருடனும் ரசீது தருவதில்லை.

சட்டமும் சொல்கிறது

"நமக்கு எதுக்குங்க இந்த வேலை எல்லாம்" என்று சொல்லும் வியாபாரிகளுக்கு ஒரு சேதி. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்தின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி முறையாகப் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 57-வது விதி சொல்கிறது.

அதிகாரி வந்து கேட்கும்போது "கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்" என்று தலையைச் சொறிந்தால் ஆகாது!

சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், கொடுத்த கடன் திரும்பி வர வேண்டுமே என்பதற்காகவாவது செய்யுங்கள். கணக்கு போய்விட்டால், பாக்கி வைத்தவர்களில் எத்தனை பேர் தாமாக வந்து, "அண்ணாச்சி, நான் உங்களுக்கு இவ்வளவு தரணும்" என்று சொல்வார்கள்?

இரண்டு டிஸ்க், இரண்டு ஸ்டிக்கர், தினமும் சில நிமிடம். நாளை புதுக்கணக்கு தொடங்குகிறது. இன்று ஷட்டரை இறக்கும் முன் பழைய கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள்.